மாமன் மடி

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க தாயி. சன்னல் ஓரம் வேணும்னா எடுத்துக்கங்க, எனக்கு ஒண்ணுமில்ல. இடது காது எனக்குக் கேக்காது. அந்தப் பக்கம் இருந்து நீங்க என்ன கேட்டாலும் நான் பாட்டுக்குப் பேசாம உக்காந்திருப்பேன், திமிரு பிடிச்ச கெழவின்னு நெனச்சுக்குவீக. ஆங், இப்பச் சரி. தேனிக்கா? நானும் அங்கதான்.

நல்ல காரியமாத்தான் போறேன். ஒரு பிள்ளைய அதோட அப்பங்கிட்டச் சேத்து வைக்கப் போறேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் பிள்ளைக விசயத்த விசாரிக்கிற கமிட்டி ஒண்ணு இருக்குல்ல, அங்க இன்னைக்குப் பேச்சு. ஏழு வயசு, தாயில்லாப் பிள்ளை. அப்பங்கிட்டக் குடுக்கலாமா கூடாதான்னு கேட்டு முடிவு பண்ணப் போறாகளாம். பெத்த அப்பங்கிட்டக் குடுக்காம அடுத்த வீட்டுக்காரங்கிட்டயா குடுப்பாக? அதுக்கும் தடை சொல்ல ஆளு இருக்கு தாயி. எல்லாம் அந்த ட்ரஸ்டுக்காரவுக. நான் வேல பாத்த எடந்தான். கழுத்தப் பிடிச்சுத் தள்ளாத குறையா என்னைய வெளிய அனுப்புனாகளே, அதே எடம். இன்னைக்கு என் வாய் வார்த்தைக்காக அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு இருக்காக.

என்ன ட்ரஸ்டா? புருசன் அடிச்சான், மாமியா சூடு வச்சான்னு வர்ற பொம்பளைகள, பிள்ளைகளோட சேத்து வச்சுப் பாத்துக்கிற எடம். அப்பப் பெரியகுளத்துல ஒரு சந்துக்குள்ள இருந்துச்சு. வாசல்ல பேரு இருக்காது. நான்தான் வார்டன், சமையலையும் பாத்துக்குவேன். பால்காரன் கேட்டா லேடீஸ் ஆஸ்டல்னு சொல்லணும். சொந்தபந்தம் பாக்க வந்தா வேற தெருவுல ஆபீஸ் இருக்கு, அங்க வச்சுத்தான் பேச்சு. வீடு இருக்கிற எடம் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. இதுதான் அந்தம்மா போட்ட மொத ரூலு. அந்தம்மான்னா ட்ரஸ்ட நடத்துற மேடம். பேரு நளாயினி. கேட்டீகளா கூத்த? சீக்காளிப் புருசனக் கூடையில வச்சுத் தலையில சொமந்தாளே, அவ பேர வச்சுக்கிட்டு, அடுத்தவன் பொண்டாட்டியப் பிரிச்சுக் கொண்டாந்து ஒளிச்சு வைக்கிறது வேல.

இல்ல, குறை சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கு நல்லாத்தான் பண்ணுவாக. சாயங்காலம் ட்யூசன், படம் வரையச் சொல்லிக்குடுக்க ஒரு டீச்சர், சுண்டல், முட்டை எல்லாம் உண்டு. பொம்பளைகளுக்குத் தையல் கிளாசு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மதுரையில இருந்து ஒரு பொண்ணு வரும், மனசு சரியில்லாதவுகளுக்குன்னு. வட்டமா உக்கார வச்சு, கண்ண மூடு, மூச்ச இழு, மூச்ச விடுன்னும். ஏன் தாயி, அடி வாங்குனவளுக்கு மூச்சு விடக்கூடவா தெரியாது? நானும் ஒரு நாள் உக்காந்தேன், தூங்கிட்டேன். முடிஞ்சதும் அந்தப் பொண்ணு, உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு தங்கமாயிம்மான்னு கேட்டுச்சு. உளுந்து ஊறப் போடலைன்னு தோணுச்சுன்னேன். அம்புட்டுப் பேரும் சிரிச்சாளுக. பவளக்கொடிகூடச் சிரிச்சா.

பவளக்கொடிதான் நான் சொன்ன பிள்ளையோட ஆத்தா. போய்ச் சேந்துட்டா பாவம். சொல்றேன் கேளுங்க, தேனி வர்றவரைக்கும் நேரம் இருக்குல்ல.

அவ வந்தப்ப வலது கையில மாவுக்கட்டு. இடது இடுப்புல பிள்ள. அம்புட்டுப் பெரிய பிள்ளைய இடுப்புல வச்சிருக்கியேடி, எறக்கி விடேன்னா, எறங்க மாட்டேங்குது பெரியம்மாங்கிறா. அங்க எல்லாரும் என்னையப் பெரியம்மான்னுதான் கூப்பிடுவாளுக, பிள்ளைகளும் அப்படித்தான். பிள்ளை பேரு தக்ஷிதாவாம். என் வாயில நுழையல, நான் பாப்பான்னுருவேன். கம்பம் பக்கம் தோட்டத்து வீடு. புருசன் செல்வேந்திரன், மினி லாரி ஓட்டுறாரு, கொஞ்சம் திராட்சையும் இருக்கு. எங்க அண்ணன் மகள அந்த ஊருலதான் குடுத்திருக்கோம், அந்த வழியில எனக்கு மருமகன் முறை வரும். குடி உண்டு. யாருகிட்ட இல்ல? குடிச்சாக் கை நீளும். மத்தபடி தங்கமான மனுசன், வாய் நெறைய அத்தை அத்தைன்னு கூப்பிடுவாரு.

அவளுக்கு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அடிக்கிற கைதான் அணைக்கும்டின்னேன். அவ முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தவ, தலையத் தூக்காமச் சொல்றா:

"அவுகளுக்கு ரெண்டு கையும் அடிக்கிற கைதான் பெரியம்மா."

வாயப் பாருங்க. இந்த வாய்க்கே ரெண்டு விழுந்திருக்கும்னு அன்னைக்கு நெனச்சேன். ஏன், எங்க வீட்டுக்காரரு அடிக்காத அடியா? இந்தக் காது பெறக்கும்போதே இப்படியா இருந்துச்சு? ரெண்டாவது மகன் வயித்துல இருக்கான், ரசத்துல உப்பு இல்லைன்னு ஒரு அறை விட்டாரு. கொய்ங்னு ஒரு சத்தம், அதோட சரி. நான் என்ன ட்ரஸ்டத் தேடியா ஓடுனேன்? மறுவேளை ரசத்துக்கு உப்புப் பாத்துப் போட்டேன். கடைசியில அவரு படுத்த படுக்கையாக் கெடந்தப்ப என் கையாலதான் கஞ்சி குடிச்சாரு. என்னையப் பாத்துக் கண்ணுல தண்ணி விட்டாரு தாயி. அதுக்குத்தான் பொறுமை வேணுங்கிறது. பிரிச்சு விடுறதுக்கு ஊருல ஆயிரம் பேரு இருக்கான். சேத்து வைக்க ஒருத்தி வேணும்ல?

மேடம் அவளத் திருப்பூருக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருந்துச்சு. கை கூடுனதும் நல்லாத் தைக்க ஆரம்பிச்சுட்டா. அங்க ஒரு கம்பெனியில வேல, தங்க ரூமு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் பேசியாச்சு. முழுப் பரீச்சை முடிஞ்சதும் கெளம்பணும். அவளுக்கு ராப்பகலா அதே பேச்சுதான். அந்த ரூமுக்கு உள்தாழ்ப்பா இருக்காம் பெரியம்மான்னு எங்கிட்ட வந்து சொல்றா. எந்த வீட்டுலடி உள்தாழ்ப்பா இல்லன்னு கேட்டேன். வயசுப் பொம்பளை, ஒத்தையா, பிள்ளையோட, கண் காணாத ஊருல. நீங்களே சொல்லுங்க, நல்லாவா இருக்கு?

இதுக்கு நடுவுலதான் காது குத்து வந்துச்சு.

பாப்பாவுக்கு அதுவரைக்கும் காது குத்தல. ஒத்தப்படை வயசுலதான குத்தணும்? மூணு வயசுல பேசியிருக்காக, மாமன் சீரு பத்தாதுன்னு செல்வேந்திரன் சண்டை போட்டு நின்னு போச்சு. அஞ்சு வயசுலயும் அதே கதை. இப்ப ஏழு பெறந்துருச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைக மொட்டைக் காதுன்னு கேலி பண்ணுதுகன்னு பாப்பா அழுதுக்கிட்டு வந்துச்சு. பவளம் போயி மேடத்துட்டக் கேட்டிருக்கா. அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? பஜார்ல கடையில துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சிருக்காக, டக்குனு அடிச்சு விட்டுருவாக, கூட்டிட்டுப் போயிட்டு வாங்கன்னுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. மாட்டுக்கு டோக்கன் அடிக்கிற மாதிரியா பிள்ளைக்குக் காது குத்துறது? தாய்மாமன் மடியில உக்காராமக் குத்துனா நாதியத்த பிள்ளைன்னுல்ல அர்த்தம். கூடப் பெறந்த மாமன் இல்லாத வீட்டுலகூட ஒண்ணுவிட்ட மாமனத் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து உக்கார வைப்பாக. இந்தப் பிள்ளைக்குக் குத்துக்கல்லாட்டம் மாமன் இருக்கான். பவளத்துக்கு அண்ணன், ராசாங்கம்னு பேரு, சின்னமனூர்ல டயர் கடையில வேல பாக்குறான்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடுவமாடின்னு கேட்டேன். வேணாம்னுட்டா. அவுகளும் எங்க அண்ணனும் ஒண்ணாக் குடிக்கிறவுக, அண்ணன் வாயில ஒண்ணும் நிக்காதுன்னா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கூடப் பெறந்தவன் மேல கோவம் எம்புட்டு நாளைக்கு நிக்கும்? பொம்பளை வேணாம்னு சொன்னா அதுல பாதி வேணும்னு இருக்கும், நமக்குத் தெரியாதா? நேருல மாமன் வந்து சீரோட நின்னான்னா இவளே ஓடி வந்து அண்ணேன்னு அழுதுருவான்னு நெனச்சேன்.

அண்ணன் மகளுக்குப் போனப் போட்டு ராசாங்கம் நம்பர வாங்குனேன். மேடம் மதுரைக்கு மீட்டிங் போற வெள்ளிக்கிழமையாப் பாத்து வரச் சொன்னேன். ஆமா, வீட்டு அடையாளம் நாந்தான் சொன்னேன், மறைக்கல. பஸ் ஸ்டாண்டுல எறங்கி எங்கிட்டு வரணும், எந்த மாவு மில்லுக்கிட்டத் திரும்பணும்னு எல்லாஞ் சொன்னேன். மாமனுக்கு வழி சொல்லாம எப்படி வருவான்? யாருகிட்டயும் மூச்சு விடாதப்பான்னும் சொன்னேன். அவனும் சரிங்கன்னான்.

நல்லா வந்தான் தாயி. வெள்ளை வேட்டி கட்டி, தட்டுல தேங்கா பழம், பச்சைக் கலர்ல பட்டுப் பாவாடை, ஒரு ஜோடி தோடு. ஆசாரியையும் கையோட கூட்டிட்டு வந்திருந்தான். நான் கூடத்துல கோலம் போட்டு வச்சிருந்தேன். மத்த பொம்பளைக எல்லாம் சுத்தி நின்னாளுக, ஏதோ கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. பாப்பாவ நாந்தான் கொண்டாந்து மாமன் மடியில வச்சேன். மொதக் காது குத்தவும் வீல்னுச்சு. அந்தச் சத்தத்துக்குத்தான் தையல் ரூமுல இருந்து பவளம் ஓடியாந்தா.

வந்தவ அண்ணனப் பாத்ததும் நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. மூஞ்சியில ரத்தமே இல்ல. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்காதடின்னு அதட்டுனேன். அவ என்னையப் பாக்கல. பிள்ளை காதுல ஊசி இருக்கு, இழுக்கவும் முடியாது. அவங்கிட்ட ஒரே கேள்வி கேட்டா.

"பஸ்ல வந்தியாண்ணே?"

"வண்டியில வந்தேன்."

"யாரு வண்டி?"

அவன் பிள்ளை தலையத் தடவுற மாதிரி குனிஞ்சுக்கிட்டான். ஆசாரிதான் ரெண்டாவது காத நேரா வைங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. இவ திரும்பி விறுவிறுன்னு ஆபீஸ் ரூமுக்குள்ள போயி மேடத்துக்குப் போனப் போட ஆரம்பிச்சுட்டா. அண்ணன் இம்புட்டுச் சீரோட வந்திருக்கான், வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல, வண்டி யாருதுன்னு விசாரணை. எனக்கு அப்படியே கோவம் வந்துச்சு.

ராசாங்கந்தான் தலையச் சொறிஞ்சுக்கிட்டுச் சொன்னான், மாப்ள மாவு மில்லுக்கிட்ட நிக்கிறாரு, பிள்ளையக் கண்ணால ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேங்கிறாருன்னு. எனக்கு மனசு கேக்கல. பெத்த பிள்ளைக்குக் காது குத்துற அன்னைக்கு அப்பன் தெருவுல நிக்கணுமா? உள்ள கூப்பிட்டா மேடம் ரூலு. நான் ரூல மீறல பாருங்க, அவர உள்ள விடல. பிள்ளையத்தான் வெளிய கூட்டிட்டுப் போனேன். வாசக் கேட்டுச் சாவி எப்பவும் என் இடுப்புலதான் இருக்கும். பாப்பா என் விரலப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. அப்பனப் பாத்ததும் என் சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிருச்சு. ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குதுல்ல, வெக்கம். நாந்தான் முன்னால இழுத்து விட்டேன்.

அவரு அழுதாரு தாயி. சத்தியமா அழுதாரு. நடுத்தெருவுல முட்டி போட்டு உக்காந்து பிள்ளை காதத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. அத்தை, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன்னாரு. வண்டியில முன்னால தூக்கி வச்சாரு. போயிட்டாரு. நானும் மில்லுக்கிட்டயே நின்னு பாத்தேன், பாத்தேன், வரல. சரி, பாசம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு புரிஞ்சுச்சு.

நான் திரும்பி வரவும் பவளம் இன்னும் போன்லதான் இருந்தா. பாப்பா எங்கன்னு கேட்டா. சொன்னேன். அவ கத்தல, என்னைய ஒரு வார்த்தை திட்டல. போனுக்குள்ள மேடம் கத்துறது எனக்கே கேக்குது. நான் வர்றேன், போலீசு வருது, நீ மட்டும் வெளிய போகாத பவளம், நீ போகாதன்னு. இவ போனக் கீழ வச்சுட்டு உள்ள போனா. புண்ணுக்கு வைக்கணும்னு நான் மஞ்சப்பொடி கலந்து வச்சிருந்த தேங்காண்ணெய்ப் பாட்டில மட்டும் எடுத்துக்கிட்டு வந்து வாசக் கேட்டுக்கிட்ட நின்னா. தொறங்க பெரியம்மான்னா. தொறந்தேன்.

அவளாத்தான் போனா. நான் தள்ளல, யாரும் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகல. இன்னைக்குக் கமிட்டியில அதத்தான் சொல்லப் போறேன், உள்ளத உள்ளபடி. புருசங்கிட்ட அவளா விரும்பித்தான் போனா.

அன்னைக்குச் சாயங்காலமே எனக்குச் சீட்டுக் கிழிஞ்சுச்சு. மேடம் மதுரையில இருந்து வந்துச்சு. திட்டும்னு பாத்தேன், திட்டியிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். நாக்காலியில உக்காந்து என்னையே பாத்துச்சு. "உங்களுக்கு எது தப்புன்னு இப்பவும் தெரியல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு தங்கமாயிம்மா"ன்னுச்சு. வருசக்கணக்கா உழைச்சவ நான். அங்க எத்தனை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கூட இருந்திருக்கேன், எத்தனை பிள்ளைக்குப் பேன் பாத்திருக்கேன். எனக்குத் தப்புத் தெரியலையாம். அந்த வாரமே வீட்டையும் காலி பண்ணிட்டாகளாம். இப்ப எந்த ஊருல இருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாது, பாத்துக்கங்க. நல்லதுக்குக் காலமில்ல தாயி.

மேடம் சும்மா இல்ல. மறுநாளே போலீசோட அந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கு. பவளம் வாசல்ல வந்து நின்னு, நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க போங்க மேடம்னுட்டாளாம். பிள்ளை உள்ள அப்பன் மடியில இருந்துச்சாம். கேட்டீகளா? நல்லாத்தான் இருக்கேன்னு அவ வாயாலயே சொல்லியிருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?

வைகாசியில அந்த ஊருத் திருவிழாவுக்கு அண்ணன் மக வீட்டுக்குப் போனப்ப நானும் எட்டிப் பாத்தேன். பவளம் தலை நெறையப் பூ வச்சிருந்தா. அந்த வெயில்ல முந்தானையக் கழுத்தச் சுத்திப் போத்தியிருந்தா, என்னடி கோலம் இதுன்னதுக்குச் சளின்னா. காப்பி போட்டுக் குடுத்தா. பேச்சு ரொம்ப இல்ல. செல்வேந்திரந்தான் அத்தை, உங்களாலதான் இந்தக் குடும்பம் ஒண்ணாச்சுன்னாரு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. பஸ் ஏறுறவரைக்கும் வந்து விட்டுட்டுப் போனாரு.

ஆடி பெறக்கல. அதுக்குள்ள அவ கெணத்துல விழுந்துட்டா. தண்ணி சேந்தப் போயி வழுக்கிருச்சுன்னாரு. போலீசும் அப்படித்தான் எழுதுச்சு. மேடம் மட்டும், மோட்டார் ஓடுற கெணத்துல எதுக்கு அவ தண்ணி சேந்துனா, வாளி ஏன் நனையாம மேல கெடந்துச்சுன்னு ஒவ்வொரு ஆபீஸாப் போயிக் கேட்டுக்கிட்டு இருக்கு. விதி முடிஞ்சா வாளியாவது மோட்டாராவது. எழவு வீட்டுல நான் அவளக் குளிப்பாட்டுனேன் தாயி. நெசமாவே அழுதேன், என் மக மாதிரி இருந்தவ. கழுத்துல, கையில என்னென்னமோ இருந்துச்சு. கெணத்துக் கல்லுல பட்டிருக்கும்.

வீரபாண்டி தாண்டிருச்சா? அப்பக் கிட்ட வந்தாச்சு.

பிள்ளை இப்ப மாமன் வீட்டுல, சின்னமனூர்ல இருக்கு. மேடம் எழுதிப் போட்டதுல, முடிவு சொல்றவரைக்கும் அங்க இருக்கட்டும்னுட்டாக கமிட்டிக்காரவுக. ஆத்தா போனதுல இருந்து வாயே தொறக்கல. பள்ளிக்கூடத்துல பேசாது, மாமங்கிட்டப் பேசாது, கமிட்டிக்காரவுக பொம்மை எல்லாம் குடுத்துக் கேட்டாக, அவுககிட்டயும் பேசல. ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது. ராசாங்கம் பொண்டாட்டி, இதுக்கு ஏதாச்சும் ஆனா எம்மேலதான பழி வரும்னு பொலம்புறா, அவ சொல்றதும் ஞாயந்தான். செல்வேந்திரன் எம்பிள்ளைய எங்கிட்டக் குடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்காரு. பாத்துக்க வீட்டுல பொம்பளை வேணும்ல, அதுக்கும் எங்க சொந்தத்துல ஒரு பிள்ளையப் பாத்து வச்சிருக்கேன். சாதுவான பிள்ளை, அதிர்ந்து பேசத் தெரியாது. எல்லாங் கூடி வர்ற நேரத்துல மேடம் குறுக்க நிக்குது, அப்பங்கிட்ட மட்டும் குடுக்காதீக, நாங்க வச்சு வளக்குறோம்னு.

போன வாரம் என் வீடு தேடி வந்துச்சு அந்தம்மா. ஆமா, எங்கிட்டத்தான். வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வந்து தரையில உக்காந்துச்சு. பாப்பா உங்ககிட்ட மட்டும் ஒட்டிக்கிதுன்னு கேள்விப்பட்டேன், உங்ககிட்ட ஏதாச்சும் பேசியிருந்தா அத மட்டும் கமிட்டியில சொல்லுங்க தங்கமாயிம்மா, வேற ஒண்ணும் வேணாம்னுச்சு. கும்பிட்டுச்சு. எனக்குத் தப்புத் தெரியாதுன்னு சொன்ன வாயி அது. தப்புத் தெரியாதவ பேச்சு எதுக்கு மேடம் உங்களுக்குன்னு கேட்டேன். மறுபடியும் கும்பிட்டுச்சு. காப்பி குடுத்து அனுப்புனேன், நம்ம மரியாதைய நம்ம விடக் கூடாதுல்ல.

பேசுச்சுதான், இல்லைங்கல. போன மாசம் ஒரு நாள் பணியாரம் சுட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். வீட்டுல யாருமில்ல. தலை சிக்கு விழுந்து கெடந்துச்சு, முன்னால உக்கார வச்சுச் சீவி விட்டேன். திடீர்னு பேசுது.

"அம்மா வழுக்கல பெரியம்மா. அப்பா தள்ளி விட்டுட்டு, அங்கனயே நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு."

சீப்போட சேத்து அது வாயப் பொத்துனேன். அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, கெட்ட கனாக் கண்டிருப்ப, யாருகிட்டயும் சொல்லிராதன்னேன். தலைய ஆட்டுச்சு. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தூக்கப் போயிருப்பாரு, இது தள்ளுனாருன்னு நெனச்சிருக்கும். சரி, நெசமாவே கோவத்துல ஒண்ணு நடந்துருச்சுன்னே வச்சுக்கங்க. போனவ திரும்பி வரப் போறாளா? அப்பனையும் ஜெயில்ல தூக்கிப் போட்டுட்டா இந்தப் பிள்ளைக்குன்னு யாரு இருக்கா? நாளைக்கு வயசுக்கு வந்து ஒரு கல்யாணம் காச்சின்னு பேசுனா, ஆத்தாளக் கொன்னவன் மகளுன்னு சொல்லித்தான தட்டிக் கழிப்பாக? நான் அதோட காலத்துக்கும் சேத்து யோசிக்கிறேன். மேடத்துக்கு இன்னைக்குக் கேசுல செயிக்கணும், அம்புட்டுத்தான்.

ஏன் தாயி அப்படிப் பாக்குறீக? தண்ணி வேணுமா? இந்தாங்க.

நேத்துச் சாயங்காலம் ராசாங்கம் வீட்டுக்குப் போனேன், இன்னைக்குக் கெளம்புறதப் பத்திப் பேச. பிள்ளை செவத்தோரமா உக்காந்திருந்துச்சு. நான் போகவும் கிட்ட வந்து முந்தானையப் பிடிச்சுக்கிருச்சு. ராசாங்கம் அங்கிட்டுப் போறவரைக்கும் விடல. அப்புறம் மெதுவாச் சொல்லுது:

"நாளைக்கு எனக்கு வாய் வராது பெரியம்மா. நீங்க சொல்லிருங்க."

சரின்னேன். பின்ன பச்சப்பிள்ளைகிட்ட வேற என்னத்தச் சொல்றது? ஒரு சமாதானத்துக்குச் சரி சாமி, நான் சொல்லிர்றேன்னேன். அந்தானைக்குப் பிள்ளை எந்திரிச்சு அடுப்படிக்குப் போயித் தட்ட எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துச்சு. ராசாங்கம் பொண்டாட்டிக்கு ஆச்சரியம் தாங்கல. ரசஞ்சோறு, ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்னுச்சு தாயி. தின்னுட்டு அங்கனயே படுத்துத் தூங்கிருச்சு.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. பைய எடுங்க, நான் எறங்கணும். மாமனும் பிள்ளையும் முந்துன பஸ்ல போயிட்டாக, இந்நேரம் கமிட்டி வாசல்ல உக்காந்திருப்பாக. அந்தா நிக்கிறாரு பாருங்க, செவப்பு வண்டிக்கிட்ட, அவருதான் செல்வேந்திரன். கையில பையி வச்சிருக்காரு, பிள்ளைக்குப் புதுத் துணியும் செருப்பும் இருக்கும். இன்னைக்கே கையோட கூட்டிட்டுப் போயிரலாம், எடுத்துக்கிட்டு வாங்கன்னு நாந்தான் சொல்லியிருந்தேன்.